பழைய ஃபேமிலி ஃபோட்டோல இருக்கிறது யாருன்னு ஏஐ வச்சு கண்டுபிடிச்ச கதை

நிறைய பேர் கேக்குறாங்க, "பழைய ஃபோட்டோவ ஏஐல போட்டா அதுல இருக்கிறது யாருன்னு சொல்லிடுமா?"ன்னு. சொல்லாது. உங்க பூட்டி யாருன்னு அதுக்கு எப்படி தெரியும். அதால சொல்ல முடிஞ்சது ஒண்ணே ஒண்ணு தான், இந்தப் படத்துல இருக்கிற முகமும் அந்தப் படத்துல இருக்கிற முகமும் ஒண்ணு போல இருக்கு, அவ்வளவு தான். ஆனா அந்த ஒண்ண புடிச்சுக்கிட்டு போனதால தான் எங்க குடும்பத்துல எண்பது வருஷமா யாரும் வாய் திறந்து பேசாத ஒருத்தங்க எங்களுக்கு திரும்ப கிடைச்சாங்க. அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன். வீட்ல எண்பது தொண்ணூறு வயசுல பெரியவங்க இருக்கிறவங்க தயவுசெஞ்சு இதை தள்ளிப் போடாதீங்க.

எங்களுக்கு பழைய ராமநாதபுரம் ஜில்லா, இப்ப சிவகங்கை மாவட்டத்துல வருது. அப்பாவோட அப்பா, நாங்க அய்யான்னு கூப்பிடுவோம், பர்மாவுல ரங்கூன்ல ஒரு வட்டிக்கடையில கணக்கெழுதிட்டு இருந்தவரு, ஜப்பான்காரன் குண்டு போட்டு படையெடுத்தப்ப 1942ல நடந்தே ஊர் வந்து சேர்ந்த கூட்டத்துல ஒருத்தர். பழைய வீட்டை இடிச்சுக் கட்டும்போது பரண்ல இருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்குச்சு. அதுக்குள்ள கெட்டி அட்டையில ஒட்டின ஸ்டூடியோ படங்க, கல்யாண குரூப் ஃபோட்டோக்கள், ஓரத்துல பல்லு பல்லா வெட்டின சின்ன கறுப்பு வெள்ளை பிரிண்டுங்க, பாஸ்போர்ட் சைஸ் படங்க, ஒரு காகிதக் கவர்ல நெகட்டிவ். முக்காவாசி படத்துக்கு பின்னாடி ஒரு எழுத்து கூட கிடையாது. அப்பாவுக்கு கொஞ்சம் பேரைத் தெரியும், அத்தைக்கு இன்னும் கொஞ்சம், அதுக்கு மேல "யாரோ நம்ம பங்காளி வீட்டு ஆளுங்க" தான்.

முதல்ல ஸ்கேன். இதுல அவசரப்பட்டா பின்னாடி எந்த ஏஐயும் காப்பாத்தாது. ஒரு கணக்கு சொல்றேன், குரூப் ஃபோட்டோல பின் வரிசையில நிக்கிறவரோட முகம் பிரிண்ட்ல அரை சென்டிமீட்டர் தான் இருக்கும், அதை 300 டிபிஐல (ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளிங்கிற கணக்கு) ஸ்கேன் பண்ணா முகத்துக்கு கிடைக்கிறது சுமார் 60 பிக்சல், 600ல பண்ணா 118, 1200ல பண்ணா 236. 60 பிக்சல் முகத்த வச்சுக்கிட்டு மெஷினும் ஒண்ணும் சொல்ல முடியாது மனுஷனும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதனால தனி ஆள் படத்துக்கு 600, கூட்டமா இருக்கிறதுக்கும் சின்ன பிரிண்டுக்கும் 1200ன்னு வச்சுக்கிட்டோம். படத்தோட பின்பக்கத்தையும் கண்டிப்பா ஸ்கேன் பண்ணுங்க, வெறுமையா இருந்தாலும் பண்ணுங்க, ஏன்னா பென்சில்ல எழுதி அழிஞ்சுபோனது கண்ணுக்கு தெரியாது, கம்ப்யூட்டர்ல கான்ட்ராஸ்ட் ஏத்தினா மெல்ல வெளிய வரும். அட்டையில அச்சடிச்ச ஸ்டூடியோ பேர் இருக்கா, பேப்பர்ல அக்ஃபா, கோடாக் வெலாக்ஸ், ஊட்டி ஃபேக்டரியோட இந்துன்னு ஏதாவது பேப்பர் பிராண்ட் பேர் இருக்கான்னு பாருங்க. ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆரம்பிச்சதே 1960ல தான், அதனால அந்தப் பேர் பேப்பர்ல இருந்தா அந்த பிரிண்ட் அதுக்கு பிறகு போட்டது, இதுல சந்தேகமே வேணாம். ஸ்கேனர் இல்லாதவங்க கூகுளோட ஃபோட்டோஸ்கேன் ஆப் யூஸ் பண்ணலாம், நாலு மூலையில இருந்து எடுத்து ஒட்டி கிளேர் இல்லாம தரும், ஆனா சட்டத்துக்குள்ள ஒட்டிக்கிட்ட படத்த பிய்க்க முயற்சி பண்ணாதீங்க, கண்ணாடியோட ஒட்டிப்போன எமல்ஷன், அதாவது படம் பதிஞ்சிருக்கிற மேல்படலம், பிஞ்சு வந்துடும், கண்ணாடியோடவே எடுங்க.

அடுத்தது முகத்த பிரிச்சு அடுக்குறது. கூகுள் ஃபோட்டோஸ்ல ஃபேஸ் க்ரூப்பிங் இருக்கு, ஐஃபோன்ல இருக்கு, படத்த வெளிய எங்கயும் ஏத்த வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு டிஜிகேம்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, லேப்டாப்புக்குள்ளயே வேலை செய்யும், முதல்ல டவுன்லோட் பண்றதுக்கு மட்டும் தான் நெட் வேணும். எல்லாம் அடிப்படையில செய்றது ஒரே வேலை தான். ஒவ்வொரு முகத்தையும் ஒரு நம்பர் வரிசையா மாத்தும், கூகுள் ஆளுங்க 2015ல வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில ஒரு முகத்துக்கு 128 நம்பர். ரெண்டு முகத்தோட நம்பர்களுக்கு நடுவுல தூரம் கம்மியா இருந்தா ஒரே ஆள், ஜாஸ்தியா இருந்தா வேற ஆள்னு சொல்லும், நடுவுல மாட்டுறத நம்மகிட்டயே திருப்பிக் கேக்கும், "இவங்க ரெண்டு பேரும் ஒரே ஆளா?"ன்னு. அந்த கேள்விக்கு பட்டு பட்டுன்னு ஆமா போட்டுட்டே போகாதீங்க. ஒரு தப்பான ஆமா விழுந்துச்சுன்னா ரெண்டு ஆள் கலந்துடுவாங்க, அதுக்கு மேல அடுத்து வர்ற படமெல்லாம் அந்த கலவையில போய் சேரும். தெரியலைன்னா தெரியலன்னு விட்டுடுங்க.

நம்ம ஊர் குடும்பங்களுக்கு இதுல ஒரு தனி சிக்கல் இருக்கு. நம்ம ஆளுங்க அத்தை மக, மாமன் மகன்னு சொந்தத்துக்குள்ளயே கட்டி, சில வீட்ல அக்கா மகளையே கட்டி, நாலு தலைமுறையா அதே மூக்கு அதே தாடைதான் சுத்திச் சுத்தி வருது. அம்மாவும் மகளும் ஒரே ஆளுன்னு சேர்ந்துடுவாங்க, அதுவும் போதாதுன்னு தாத்தா பேரை பேரனுக்கு வைக்கிற வழக்கம், அதனால பேரை வச்சும் பிரிக்க முடியாது. அமெரிக்காவுல நிஸ்டுன்னு அரசாங்க தர நிர்ணய அமைப்பு 2019 டிசம்பர்ல நிறைய ஃபேஸ் ரெககனிஷன் மென்பொருள்கள சோதிச்சு ஒரு அறிக்கை போட்டாங்க, அதுல பல மென்பொருள்கள்ல ஆசிய, ஆப்பிரிக்க முகங்களுக்கும், ஆண்களை விட பெண்களுக்கும், வயசானவங்களுக்கும் குழந்தைகளுக்கும் தப்பா சேர்க்கிறது ஜாஸ்தின்னு வந்துச்சு. அது இன்னைக்கு எடுத்த தெளிவான படங்களுக்கே. நம்மகிட்ட இருக்கிறதோ பூஞ்சை புடிச்ச படம், அதுலயும் ஸ்டூடியோக்காரர் நெகட்டிவ்ல பென்சில் வச்சு சுருக்கத்தையெல்லாம் தேய்ச்சு எல்லார் மூஞ்சியையும் ஒரே மாதிரி வழவழன்னு ஆக்கி வச்ச படம்.

இன்னொரு வகை படம் பெட்டியில வந்துச்சு, இதைப் பத்தி யாரும் எழுதுறதில்ல. அந்தக் காலத்துல பலருக்கு வாழ்நாள்ல எடுத்த ஒரே படம் செத்த பிறகு எடுத்ததா இருக்கும். நாற்காலியில உக்கார வச்சு, மாலை போட்டு, பக்கத்துல புள்ளைகள நிறுத்தி எடுப்பாங்க, பிறகு ஸ்டூடியோவுல மூடின கண்ணுக்கு மேல திறந்த கண்ண வரைஞ்சு குடுப்பாங்க. அந்த முகத்த ஆப் யாரோடயும் சேர்க்காது, இல்ல சம்பந்தமே இல்லாத ஆளோட சேர்க்கும். கண்ணு ரெண்டும் ரொம்ப வட்டமா, நேரா, முகத்துக்கு ஒட்டாம இருந்துச்சுன்னா அது வரைஞ்ச கண்ணுன்னு எடுத்துக்கிட்டு தனியா வச்சுடுங்க. முகத்த அசைய வைக்கிற ஆப்புகள் 2021லருந்து வந்துடுச்சே, அதுல இந்தப் படங்கள போட வேணாம்ங்கிறது என் வேண்டுகோள். எங்க வீட்டுப் பெரியவங்க முன்னாடி அப்படி ஒரு வீடியோவ ஓட்ட எனக்கு மனசே வரல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

பெட்டியில ஒரு கெட்டி அட்டைப் படம், அடியில ரங்கூன் ஸ்டூடியோ பேர் அச்சடிச்சிருக்கு. அய்யா கிராப்பு வெட்டி கோட்டு போட்டு நிக்கிறாரு, நாற்காலியில ஒரு பொம்பளை, மடியில கைக்குழந்தை. வீட்ல எல்லாரும் சொன்னது "அய்யாவும் அப்பத்தாவும் ரங்கூன்ல எடுத்தது, மடியில பெரியப்பா." அப்பா அப்படித்தான் சொன்னாரு, அத்தை அப்படித்தான் சொன்னாங்க. ஆப்பும் அந்த முகத்த அப்பத்தாவோட 1960 வாக்குல எடுத்த படங்களோட கொண்டுபோய் சேர்த்துச்சு. மனுஷங்களும் மெஷினும் ஒரே பதில சொன்னா அப்புறம் யாரு சந்தேகப்படப் போறாங்க.

எனக்கு இடிச்சது படத்தோட பின்பக்கம். மங்கின மையில ஒரு வரி. அதை படிக்க சாட்பாட் ஒண்ணுகிட்ட குடுத்தேன், அது "பிரமாதிளு தைமீ"ன்னு படிச்சு, ஏதோ ஊர் பேரா இருக்கலாம்னு சொல்லுச்சு. அது ஊர் பேர் இல்ல, பழைய ஆளுங்க வருஷத்துக்கு ௵ன்னும் மாசத்துக்கு ௴ன்னும் தேதிக்கு ௳ன்னும் சுழிச்சு எழுதுவாங்க, பழைய பத்திரத்துல பார்த்திருப்பீங்க, பார்க்க ளு மாதிரியும் மீ மாதிரியும் இருக்கும். ஆக பிரமாதி வருஷம் தை மாசம். 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முந்தின கையெழுத்துல றா, ணை, லை எல்லாம் கூட வேற வடிவத்துல இருக்கும், அதையும் இந்த சாட்பாட் அடிக்கடி தடுமாறிப் படிச்சுச்சு. ஆனா இப்படி இப்படி எழுதுவாங்கன்னு சொல்லிக் குடுத்துட்டு திரும்ப கேட்டா நல்லாவே படிச்சுச்சு, அதையும் சொல்லணும். தமிழ் வருஷம் 60 வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வரும், பிரமாதின்னா 1879 – 80, இல்ல 1939 – 40, இல்ல 1999 – 2000. அய்யா வாலிபமா நிக்கிறாரு, அதனால நடுவுல உள்ளது தான். வருஷம் பிறக்கிறது 1939 சித்திரை, தை மாசம் அதுக்குள்ள வர்றது 1940 ஜனவரி – பிப்ரவரி.

1940ல அப்பத்தாவுக்கு என்ன வயசு? அவங்க ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி எல்லாத்தையும் வச்சுப் பார்த்தா பிறந்தது 1930 ஒட்டி. வயசு கார்டுல முன்னப்பின்ன இருக்கும் தான், ஆனா பத்து வயசுப் புள்ள மடியில குழந்தைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. படத்துல இருக்கிறவங்களுக்கு இருபதாவது இருக்கும்.

அப்புறம் தான் காது. 1200 டிபிஐல ஜூம் பண்ணிப் பார்த்தா அந்தப் பொம்பளைக்கு காது நல்லா வடிச்சு, அதாவது ஓட்டைய பெருசாக்கி, தொங்குது, அதுல தண்டட்டி, அந்தக் காலத்து கனமான காது நகை. எங்க அப்பத்தாவுக்கு காது வடிக்கல, வெறும் தோடு மட்டும் தான், நான் அவங்க மடியில படுத்து வளர்ந்தவ, எனக்குத் தெரியும். சின்ன வயசுல வடிச்ச காது தானா திரும்ப ஒட்டிக்காது, நாகரிகம்னு சொல்லி பிற்பாடு நிறைய பேர் அறுத்துத் தைச்சுக்கிட்டாங்க, ஆனா தைச்ச தழும்பு இருக்கும், அப்பத்தா காதுல அப்படி எதுவும் கிடையாது. முகத்த ஒப்பிடுற மென்பொருள் கண்ணு மூக்கு வாய் அதோட அமைப்பத்தான் பார்க்குது, காதுல என்ன தொங்குதுன்னு அதுக்கு அக்கறை இல்ல. நாம பார்க்கணும். பொம்பளைங்களுக்கு காது, மூக்குத்தி எந்தப் பக்கம், தாலியில என்ன கோத்திருக்கு, பின்கொசுவமா முன்கொசுவமா, ரவிக்கை உண்டா இல்லையா, கை பஃப் வச்சதா. ஆம்பளைங்களுக்கு குடுமியா கிராப்பா, கடுக்கன் இருக்கா. அமெரிக்காவுல வர்ஜீனியா டெக் யுனிவர்சிட்டி பேராசிரியர் கர்ட் லூதர் 2018ல சிவில் வார் ஃபோட்டோ ஸ்லூத்னு ஒரு வெப்சைட் ஆரம்பிச்சாரு, அவங்க உள்நாட்டுப் போர் சிப்பாய்கள அடையாளம் கண்டுபிடிக்க. அதுலயும் மென்பொருள் முகத்த மட்டும் தேடுறதில்ல, கோட்டு நிறம், தோள்பட்டைச் சின்னம், பதவிப் பட்டைன்னு ஆளுங்க முதல்ல குறிச்சுக் குடுக்கிறாங்க, ராணுவப் பதிவோட பொருத்தி ஆளை சுருக்கிட்டு பிறகு தான் முகம், கடைசி முடிவு பார்க்கிறவங்க கையில. அவங்களுக்கு தோள்பட்டைச் சின்னம்னா நமக்கு தண்டட்டி.

சரின்னு அந்த முகத்த அப்பத்தா க்ரூப்ல இருந்து எடுத்து "தண்டட்டி அம்மா, ரங்கூன்"னு தனி பேர்ல போட்டேன். பேர் தெரியாதவங்களுக்கு இப்படி ஏதாவது ஒரு பேர் வச்சுடுங்க, "தெரியாதவர் 1, 2"ன்னு வச்சா உங்களுக்கே மறந்துடும். தனியா பிரிச்சதும் ஆப் ஒரு புது கேள்வி கேட்டுச்சு, அப்பத்தா பிறந்த வீட்டு முற்றத்துல எடுத்த ஒரு குடும்பப் படத்துல ஓரமா நிக்கிற ஒரு வயசுப் பொண்ணு, இதுவும் அவங்களான்னு. காதைப் பார்த்தேன், வடிச்ச காது. பக்கத்துல அவங்க கையப் புடிச்சுக்கிட்டு ஒரு சின்னக் குழந்தை, அது அப்பத்தாவா இருக்கலாம்னு தோணுச்சு, ஆனா குழந்தை முகத்த வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது, மூணு வயசு முகத்தையும் முப்பது வயசு முகத்தையும் சேர்க்கிறதுல இந்த மென்பொருள்கள் ரொம்ப பலவீனம்.

மூணாவது தடயம் கல்யாண ஃபோட்டோல கிடைச்சுச்சு. அய்யா அப்பத்தா கல்யாண குரூப் படம், பொண்ணு வீட்டு வாசல்ல எடுத்தது. நாங்க எல்லாரும் எத்தனையோ வாட்டி பார்த்த படம். ஆனா ஆப் முகத்துக்கெல்லாம் கட்டம் போடும்போது ஆளுங்க தலைக்கு மேலயும் ஒரு கட்டம் போட்டிருந்துச்சு. பின்னாடி திண்ணைச் சுவத்துல மாட்டியிருந்த சட்டம் போட்ட படத்துக்கு. சாமி காலண்டருக்கும் கட்டம் போட்டுச்சு, அதையெல்லாம் தள்ளிட்டு இதை மட்டும் ஜூம் பண்ணா, ஒரு பொம்பளை படம், மாலை போட்டிருக்கு. முகம் ரொம்ப சின்னது, ஆப் அதை யாரோடயும் சேர்க்கல. ஆனா கண்ணுக்கு நல்லா தெரிஞ்சது, ரங்கூன் படத்துல இருந்து அவங்க முகத்த மட்டும் தனியா பெருசு பண்ணி சட்டம் போட்டிருக்காங்க, தலை லேசா சாய்ஞ்சிருக்கிற விதம், கழுத்துல காசுமாலை விழுந்த விதம், எல்லாம் அதே. மாலை போட்டிருக்குன்னா இந்தக் கல்யாணத்துக்கு முன்னாடியே அவங்க உயிரோட இல்ல. பழைய படங்கள்ல சுவரை பாருங்க, நம்மகிட்ட இல்லாத படம் சுவத்துல தொங்கும், மாலை இருக்கா இல்லையான்னு பார்த்தா யாரு எப்போ போனாங்கங்கிறதுக்கு ஒரு எல்லை கிடைக்கும்.

இதுக்கு மேல ஏஐக்கு வேலை இல்ல. அப்பத்தாவோட தங்கச்சி, எங்களுக்கு சின்னப்பத்தா, தொண்ணூறை நெருங்கிட்டாங்க, தேவகோட்டை பக்கம் மகன் வீட்ல இருக்காங்க. அவங்ககிட்ட ரங்கூன் படத்த பெரிய சைஸ்ல பிரிண்ட் போட்டு எடுத்துட்டு போனேன். "இது அப்பத்தா இல்லையே?"ன்னு நான் கேக்கல. "சின்னப்பத்தா, இந்தப் படத்துல யாரெல்லாம் இருக்காங்க?" அவ்வளவு தான் கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு விரலை அந்த முகத்து மேல வச்சு, "இது எங்க பெரியக்காத்தா. ரெங்கோனுலருந்து நடந்து வரும்போது வாந்திபேதியில போயிட்டா. ஒங்க அய்யாதான் பச்சப்புள்ளய தோள்ல போட்டுக்கிட்டு வந்து சேந்தாரு. அப்பறந்தான் நடு அக்காவ அவருக்கு கட்டுனது, புள்ளைய வேற ஒருத்தி வந்து வளப்பாளான்னு"ன்னு சொன்னாங்க. நான் கேக்காமலே தண்டட்டிய காட்டி, "இத எங்காத்தா பண்ணிப் போட்டது, எங்களுக்கெல்லாம் காது வடிக்கல, அதுக்குள்ள ஊரே விட்டுருச்சு"ன்னாங்க.

ரங்கூன்ல முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. அதுக்கப்புறம் லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாவும் தமு, மணிப்பூர் வழியாவும் நடந்து வந்தாங்க, காலராவுலயும் மலேரியாவுலயும் பசியிலயும் வழியிலேயே செத்தவங்களுக்கு சரியான கணக்கே இல்ல. இதெல்லாம் நான் படிச்சது தான், ஆனா அந்தக் கணக்கில்லாத கூட்டத்துல எங்க வீட்டு ஆள் ஒருத்தி இருந்தாங்கன்னு எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவங்களுக்கு ஒரு பேர் இருந்துச்சு, அதையும் சின்னப்பத்தா தான் சொன்னாங்க.

பெரியவங்ககிட்ட கேக்கிறதப் பத்தி சிலது சொல்றேன், நிஜமான வேலை இங்க தான் இருக்கு. பேரை நீங்க முதல்ல சொல்லிடாதீங்க, "இது முத்து மாமா தானே?"ன்னு கேட்டா "ஆமா ஆமா"ன்னு தான் வரும், மரியாதைக்கும் வரும் மறதியிலயும் வரும். ஃபோன்ல காட்டாதீங்க, வயசான கண்ணுக்கு பளபளன்னு ஸ்கிரீன் கூசும், பெரிய மேட் பிரிண்ட் நல்லது. முதல்ல அவங்களுக்கு நல்லா தெரிஞ்ச ஒரு படத்துல ஆரம்பிங்க, பேச்சு ஓட ஆரம்பிச்ச பிறகு தெரியாத படத்துக்கு வாங்க. முகம் ஞாபகம் வரலைன்னா இடத்தக் கேளுங்க, இது யாரு வீட்டு வாசல், இந்த தூண் எந்த வீட்ல இருந்துச்சு, இந்தச் சேலை யாரு கட்டுனதுன்னு. அவங்ககிட்ட சம்மதம் கேட்டுட்டு ரெக்கார்டர ஆன் பண்ணி வைங்க, ஏன்னா பேர் சொல்றதுக்கு நடுவுல வர்ற கதையில தான் அடுத்த படத்துக்கான பதில் இருக்கும். முடிஞ்சா ரெண்டு பெரியவங்கள தனித்தனியா கேளுங்க, சேர்த்து உக்கார வச்சா சத்தமா பேசுறவங்க சொல்றது தான் முடிவாகும். முறை சொல்லிக் கூப்பிடுறத அப்படியே எழுதாதீங்க, "சின்னாத்தா"ன்னு எழுதி வச்சா யாருக்கு சின்னாத்தான்னு பத்து வருஷம் கழிச்சு யாருக்கும் தெரியாது, இன்னாருக்கு சின்னாத்தா, இன்னாரோட தங்கச்சின்னு முழுசா எழுதுங்க.

நெட்ல படத்த தெளிவாக்கித் தர்ற ஆப்புகளைப் பத்தியும் சொல்லியாகணும். அந்த மங்கின முகங்களைத் தெளிவாக்க ஆசையா இருக்கும், எனக்கும் இருந்துச்சு. அது தெளிவாக்குறதில்ல, இல்லாததை வரையுது. 2020ல பல்ஸ்னு ஒரு மென்பொருள் வந்தப்ப ஒபாமாவோட மங்கின படத்தக் குடுத்தா ஒரு வெள்ளைக்காரர் முகமா மாத்திக் குடுத்தது உலகம் பூரா பேசப்பட்டுச்சு. நம்ம வீட்டுப் படத்துக்கும் அதே கதி தான், பல்லு புதுசா முளைக்கும், தண்டட்டி போட்ட காது மூளியாகும், மூக்குத்தி அழுக்குன்னு நினைச்சு துடைச்சுடும். அப்படி வந்த முகத்த வச்சு திரும்ப மேட்ச் பண்ணா வர்ற பதிலுக்கு மதிப்பே இல்ல. கலர் போடுறதும் அப்படித்தான், கறுப்பு வெள்ளைப் படத்துல இருந்து சேலை சிவப்பா பச்சையான்னு யாராலயும் எடுக்க முடியாது, அந்தக் கால ஃபிலிம் பலதுக்கு சிவப்பே தெரியாது, சிவப்பு அதுல கறுப்பா விழும், சிவப்பு ஒளி சேராததால நம்ம ஆளுங்க நிறமும் உள்ளத விட கறுப்பா விழும். ஹால்ல மாட்டுறதுக்கு வேணும்னா ஒண்ணு பண்ணி வச்சுக்கோங்க, ஆனா ஒரிஜினல் ஸ்கேன தொடாதீங்க, மாத்தின ஃபைல் பேர்லயே "ஏஐ மாத்தினது"ன்னு எழுதிடுங்க. இல்லன்னா உங்க பேரப்புள்ளைங்க அந்தப் புதுப் பல்லத்தான் பாட்டி பல்லுன்னு நம்பும்.

சாட்பாட்கிட்ட முகத்தக் காட்டி இது யாருன்னு கேக்காதீங்க, பொதுவா மறுத்துடும், அது சரியும் கூட. ஆனா வேற மாதிரி கேக்கலாம், இந்தப் படத்துல என்னென்ன தெரியுது, நாற்காலி எப்படி, பின்திரையில என்ன வரைஞ்சிருக்கு, அட்டையில என்ன எழுத்துன்னு. நாம கவனிக்காத ஒண்ணு ரெண்டு சொல்லும். ஒரே பின்திரை, ஒரே நாற்காலி ரெண்டு படத்துல வந்தா ரெண்டும் ஒரே ஸ்டூடியோன்னு எடுத்துக்கலாம். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரங்க பிரிட்டிஷ் லைப்ரரி திட்டம் ஒண்ணுல தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்கள, 1880லருந்து 1980 வரைக்குமானத, தேடித் தேடி டிஜிட்டல் பண்ணியிருக்காங்க, ஆன்லைன்ல பார்க்கலாம், எந்தக் காலத்துல எப்படி உக்கார வச்சாங்க என்ன பின்திரை போட்டாங்கன்னு கண்ணு பழகுறதுக்கு அதை விட நல்ல இடம் எனக்குத் தெரியல.

பேர் கிடைச்சதும் எங்க எழுதி வைக்கிறோம்ங்கிறதும் முக்கியம். கூகுள் ஃபோட்டோஸ் மாதிரி ஆப்ல போடுற பேர் உங்க அக்கவுன்ட்டோட இருக்கும், படத்துக்குள்ள எழுதப்படாது, நாளைக்கு படத்த மட்டும் காப்பி பண்ணா பேர் வராது. டிஜிகேம்ல ஃபைலுக்குள்ளயே எழுதுற செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணிக்கோங்க. அதோட ஒரு சாதாரண எக்ஸெல் ஷீட், படத்தோட நம்பர், இடமிருந்து வலமா பேர்கள், யாரு சொன்னது, எப்ப சொன்னது, எவ்வளவு நிச்சயம். நான் மூணு சொல்லு தான் வச்சிருக்கேன், உறுதி, அநேகமா, தெரியல. ஆப் மட்டும் சொல்லி வேற சாட்சி இல்லாத எதுக்கும் "உறுதி" கிடையாது, அது எவ்வளவு பொருத்தம்னு காட்டினாலும் சரி.

கடைசியா, கிடைச்சதை உடனே ஃபேமிலி வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டுடாதீங்க. ரங்கூன் படத்துல மடியில இருக்கிறது எங்க பெரியப்பா, அவரு இப்ப இல்ல, அவரோட பெத்த தாய் வேறங்கிறத அவரு புள்ளைங்க க்ரூப்ல ஒரு ஃபார்வர்ட் மாதிரி தெரிஞ்சுக்கக் கூடாது. நேர்ல போய் பெரியப்பா மகன், எங்க அண்ணன்கிட்ட தனியா சொன்னேன். அண்ணன் படத்தப் பார்த்துட்டு, "அப்பா தை அமாவாசைக்கு எப்பவும் ரெண்டு இலை போடுவாரு. அப்பத்தா நல்லா இருந்தப்பவே ரெண்டு இலை. ஒண்ணு அய்யாவுக்கு, இன்னொண்ணு யாருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டாரு"ன்னு சொன்னாரு. ஆக பெரியப்பாவுக்கு தெரிஞ்சிருக்கு. என் ஷீட்ல அந்த வரிக்கு எதிர்ல ரெண்டாவது சாட்சியா அந்த இலையத்தான் எழுதியிருக்கேன். அண்ணன் சம்மதிச்ச பிறகு தான் மத்தவங்களுக்கு சொன்னோம், அப்பாவுக்கும் அத்தைக்கும் அண்ணனே சொன்னாரு.

பெட்டியில இன்னும் நிறைய முகம் பாக்கி. அந்த முற்றத்துப் படத்துலயே பின்வரிசையில தலைப்பாகை கட்டின ரெண்டு பேர், ஒருத்தர் முகத்துல பூஞ்சை, இன்னொருத்தரை ஆப் வேற மூணு படத்துல காட்டுது, ஆனா யாருக்கும் தெரியல. சின்னப்பத்தா "பொறத்தாங்குடிப் பக்கம் கட்டிக்குடுத்த அத்தை வீட்டு ஆளா இருக்கும்"னு சொன்னாங்க, அந்த வழியில யாரு இருக்காங்கன்னு விசாரிச்சுட்டு இருக்கேன். ஷீட்ல அவருக்கு இப்போதைக்கு "தலைப்பாகை மாமா – தெரியல"ன்னு இருக்கு.